பிஸ்கட் தின்னாத நாய்

குருவுக்கு நாற்பது வயது. சிஷ்யருக்கு அறுபது. இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் ஹெப்சிபா. கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். இப்போது காற்றாலை, மின்கம்பி, சாலை என்று எது வந்தாலும், அங்கே இருக்கும் பறவைக்கும் விலங்குக்கும் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்கிற ஆலோசகர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சிஷ்யர் இசக்கியப்பன், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி கீரை ஆயக் கொடுக்கிறாள் என்று டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

திருநெல்வேலிச் சீமையின் தெற்குக் கோடியில் ஒரு பொட்டல். அங்கே ஒரு வரிசைக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்துக் குளக்கரையில் இன்னொரு வரிசை நடவேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை. பொழுது சாய நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிற குளம் அது. இப்போது இருக்கும் காற்றாலைகளில் அடிபட்டுப் பறவை சாகிறதா என்று பார்த்து இவர்கள் எழுதித் தரவேண்டும். சாகவில்லை என்று எழுதினால் குளக்கரையிலும் நட்டுவிடுவார்கள்.

இசக்கியப்பன் தினமும் காலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்புவார். ஒவ்வொரு காற்றாலைக்கும் அடியில் தரையைப் பார்த்தபடி நடப்பார். ஒரு சிட்டுக்குருவிகூடக் கிடைக்கவில்லை.

துணைக்கு ஒரு நாய் இருந்தது. உருண்டு திரண்ட உடம்பு, எண்ணெய் தேய்த்தது போலத் தோல். காவலாளி மாசானம் அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்திருந்தார். இசக்கியப்பன் வரும்போது அது காற்றாலையின் நிழலில் ஏப்பம் விட்டுக்கொண்டு கிடக்கும். பிஸ்கட் போட்டால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"உனக்கு இருக்க திமிரைப் பாரு" என்று சிரிப்பார் அவர்.

ஒரு நாள் சாயங்காலம் டீச்சரிடம் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"டீச்சர், நல்ல சேதி. இந்த மாசமும் ஒண்ணும் சாகலை. குளத்துல வந்து இறங்குத நாரைக்கும் ஆபத்தில்ல, நாட்டுக்கும் கரண்டு கிடைக்கும். எழுதி அனுப்பிருவோமா?"

"அவ்வளவு உறுதியா சொல்லுதீங்க?"

"ஒண்ணும் கிடைக்கலைன்னா ஒண்ணும் சாகலைன்னுதான டீச்சர் அர்த்தம்? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், நீங்க காடைக் கறி சாப்பிடுவீங்களா?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான். நாளைக்குக் காலையில நல்லாத் தேடிட்டு வாங்க. அப்புறம் எழுதுவோம்."

இசக்கியப்பன் குழப்பத்தோடு பஸ் ஏறினார். டீச்சர் நேரே கறிக்கடைக்குப் போனார்.

"ஆறு காடை குடுங்க. உயிரை மட்டும் எடுத்தாப் போதும். உரிக்க வேண்டாம், துண்டு போடவும் வேண்டாம். இறகோட அப்படியே வேணும்."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "குழம்பு வைக்கவா டீச்சர்?"

"பாடம் நடத்த."

ஒவ்வொரு காடையின் காலிலும் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். இருட்டுவதற்குள் பொட்டலுக்குப் போய், காற்றாலைகளின் அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை இசக்கியப்பன் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். புதரை எல்லாம் குச்சியால் விலக்கிப் பார்த்தார். கடைசிக் காற்றாலையின் அடியில் டீச்சரும் மாசானமும் நின்றிருந்தார்கள். ஜமீன் படுத்திருந்தது.

"சுத்தம் டீச்சர்! ஒரு இறகுகூட இல்ல."

"நேத்து சாயங்காலம் நான் ஆறு காடை போட்டேன் சார். காலுல சிவப்பு நூல் கட்டி."

இசக்கியப்பன் பக்கத்துப் புதரைக் குச்சியால் மறுபடி விலக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாசானம் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், அதுல ரெண்டு..."

"சொல்லுங்க."

"ராத்திரி டூட்டிக்கு வந்தப்போ கேட்டுப் பக்கத்துக் காத்தாடிக்குக் கீழ கெடந்துச்சு. காத்தாடி அடிச்சிருக்குன்னு நெனச்சேன். நல்ல இளசா இருந்துச்சு. வறுத்துட்டேன். தப்பா டீச்சர்?"

"மொளகு போட்டீங்களா?"

"தாராளமா போட்டேன்."

"அப்ப தப்பில்ல."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் இசக்கியப்பன் கேட்டார். "மீதி நாலு?"

டீச்சர் ஜமீனைக் காட்டினார். அது கொட்டாவி விட்டது. கடைவாய்ப் பல்லில் ஒரு சிவப்பு நூல் சிக்கிக் கிடந்தது.

"அட பாவி! எனக்கு முன்னால நீ தேடிட்டியா?" என்று அதன் காதைப் பிடித்துத் திருகினார் இசக்கியப்பன். அதற்கு அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

"மாசானம், ஜமீனுக்கு யாரு சோறு போடுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"யாரும் போடலையே டீச்சர். பக்கத்துல வீடு ஏது, கடை ஏது? நான் மீன் தலை கொண்டாந்து வச்சாக்கூட ஏறெடுத்துப் பாக்காது."

இசக்கியப்பன் காதைத் திருகுவதை நிறுத்தினார். நாயின் வயிற்றைப் பார்த்தார். அண்ணாந்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த இறக்கைகளைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க காடை போட்டது நேத்து ஒரு நாள்தான?"

"ஆமா சார்."

"மத்த நாள்ல?"

டீச்சரும் அண்ணாந்து இறக்கைகளைப் பார்த்தார். காற்று விர்ரென்று வீசியது. நேற்றுத் தான் சொன்ன நல்ல சேதியை நினைத்து இசக்கியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு வரியை நம்பிக் குளக்கரையில் காற்றாலைகளை நட்டிருப்பார்கள். பொழுது சாய நாரைகள் வழக்கம் போல வந்திருக்கும்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு அவர் ஜமீனின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஒண்ணும் சாகலைன்னு எழுத முடியாது. செத்ததைக் கண்ணால பாத்தேன்னும் எழுத முடியாது. நான் என்னதான் டீச்சர் எழுத?"

டீச்சர் குனிந்து ஜமீனின் வயிற்றைத் தட்டிக் கொடுத்தார்.

"முதல்ல இவனோட எடையை எழுதுங்க சார்."