இருளாயி அம்மையார் சாத்திய செவ்வரளி மாலை

மதுரையில் ஒரு கலையரங்கத்தைக் கூட்டிப் பெருக்கி, கழிப்பறை கழுவி வயிறு வளர்த்தவர் இருளாயி அம்மையார். விடிந்ததும் குளித்து, குடிசையிலிருந்த முருகன் படத்துக்குச் செவ்வரளி சாத்திச் சூடம் காட்டிய பிறகே விளக்குமாற்றைத் தொடுவார். படத்திலிருந்தவர் முருக வேடமிட்ட பழைய பாட்டு நடிகர் சிற்சபேசனார். திரையில் அவர் வேலோடு தோன்றினால் ஜனங்கள் கொட்டகையிலேயே சூடம் கொளுத்திய காலம் ஒன்று இருந்தது. பிறகு ஜனங்கள் அவரை மறந்தார்கள். அம்மையார் மறக்கவில்லை.

அம்மையாருடைய ஒரே மகன் காய்ச்சலில் கண்மூடிய மாலையில், கொட்டகை ஒலிபெருக்கியில் சிற்சபேசனாரின் பாட்டுத்தான் கேட்டது. பிள்ளையை வாங்கிக்கொள்ள முருகனே வந்துவிட்டான் என்று அம்மையார் நம்பினார். அந்த நம்பிக்கை மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கே கிணற்றில் விழுந்திருப்பார். "கூத்தாடிக்குச் சூடம் காட்டுது பாரு, கிறுக்கு!" என்று தெருவே சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன? பறிகொடுத்தவர்களுக்குத்தானே தெரியும்.

மதுரையிலேயே ஒதுங்கி வாழ்ந்த சிற்சபேசனாருக்கு முதுமையில் தொண்டையில் புற்று வந்து குரல் போயிற்று. அவரைப் பாராட்டி, அம்மையார் வேலை பார்த்த அதே அரங்கில் ஒரு மாலை விழா எடுத்தார்கள். மேடையில் ஆளுயர முருக வேடப் படம். அம்மையாருக்குத் தலைகால் புரியவில்லை. மேடையைப் பெருக்கி முடித்ததும், கையோடு கட்டிக்கொண்டு வந்திருந்த மாலையைப் படத்துக்குச் சாத்தினார், பொட்டு வைத்தார், அகல் ஏற்றினார். நாள்தோறும் சாமிக்குச் செய்வது அதுதானே! உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலையும் விளக்கும் வைத்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது அந்தப் பேதை நெஞ்சில் உதிக்கவேயில்லை.

தந்தையைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துவந்த மகன் நடேசன் பதறிப்போனார்.

"எவ செஞ்சா இதை? எங்கப்பா உசிரோட நிக்கிறாரு, இழவு வீடாக்கிட்டியேடி!"

மாலையை உருவி எறிந்து, படத்தருகே கும்பிட்டு நின்ற அம்மையாரைச் சபை பார்க்க அறைந்தார்.

அடி வலிக்கவில்லை. தன் கையாலேயே தன் தெய்வத்துக்குச் சாவை அழைத்துவிட்டோமோ என்றுதான் அம்மையார் நடுங்கினார். "சாமிக்குன்னுதானய்யா போட்டேன்... எம்புத்திக்கு எட்டலையே!" என்று தரையில் விழுந்து கதறியவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். வேலையும் அன்றோடு போயிற்று. கீழே கிடந்த மாலையைச் சிற்சபேசனார் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை அம்மையார் பார்க்கவில்லை.

அடுத்த மாதமே சிற்சபேசனார் மறைந்தார். "மாலை போட்டே கொன்னுட்டா" என்று தெரு தூற்றியது. தண்ணீர்க் குழாயடியில்கூட விலகி நின்றார்கள். சாவுச் செய்தி வந்த அந்தக் காலையிலும் அம்மையார் குளித்துச் சூடம் ஏற்றினார். "தண்டிச்சுக்க முருகா. கைவிட்டுறாத," என்பதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அப்போது வாசலில் நடேசன் வந்து நின்றார். கையில் காய்ந்து சுருங்கிய அதே செவ்வரளி மாலை.

"அம்மா, இதைத் தலைமாட்டுலயே வச்சிருந்தாரு. சத்தம் வராம வாயசைச்சுத்தான் கடைசியாச் சொன்னாரு. 'எல்லாரும் எனக்கு விழா எடுத்தாங்க. பூசை பண்ணது அந்தம்மாதான். இதை அவங்க கையால போடச் சொல்லு'ன்னாரு. அடிச்ச கையால கூப்பிடுறேன், வாங்கம்மா."

அம்மையார் ஈரத்தலையோடு சாவு வீட்டுக்கு நடந்து சென்றார். பெரிய மனிதர்கள் ரோஜா மாலைகளோடு ஒதுங்கி வழிவிட, அந்தச் சருகு மாலையைச் சிற்சபேசனாரின் கழுத்தில் சாத்திக் கும்பிட்டார். அதன் பிறகே மற்ற மாலைகள் விழுந்தன.

தெய்வமே கேட்டு வாங்கிக்கொண்ட மாலையைக் கட்டிய அந்த இரு கைகளை நாமும் வணங்குவோம்.