நீயே எழுதிக் கொண்டு வா

"பத்துக்கு ஆறு புள்ளி ஒண்ணு மார்க்கை வெச்சுக்கிட்டு ஜெர்மனியில மேல்படிப்புக்கு அப்ளை பண்றது பைத்தியக்காரத்தனமா மேடம்?"

கேட்டுவிட்டு இன்பராஜ் தரையைப் பார்த்தான்.

பேராசிரியை சுகிர்தா சோதனைக்கூடத்தில் ஏதோ திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் கேள்வி கேட்டால் பாதி நாள் இப்படித்தான்.

இவன் சும்மா கேட்கவில்லை. போன மாதம் வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரன், இருநூறு பேர் உட்கார்ந்திருந்த ஹாலில் மைக்கைப் பிடித்து, "ஏழுக்குக் கீழே இருக்கறவங்க எழுந்து போகலாம்" என்றான். எழுந்து போனவர்களில் இவன் ஒருத்தன். இவனோடு சேர்ந்து கருவாடு உலர்த்தும் பெட்டி ப்ராஜெக்ட் செய்த வடுகநாதன் இன்னொருத்தன். கடைசி வரிசையிலிருந்து வாசல் வரைக்கும் அத்தனை பேர் பார்க்க நடந்தார்களே, ஐயோ, மானமே போயிற்று.

"மார்க் அவ்வளவு முக்கியமா மேடம்?"

"பார்ப்பாங்க. லெட்டரையும் பார்ப்பாங்க."

"அப்ப நீங்க சிபாரிசுக் கடிதம் குடுத்தாத்தான் உண்டு. நாளைக்குக் கடைசி நாள்."

"நீயே எழுதிக் கொண்டு வா. கையெழுத்துப் போடறேன்."

நம் கல்லூரிகளில் இது ஊரறிந்த வழக்கம்தான். பையன் தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவான், வாத்தியார் அடியில் கையெழுத்துப் போடுவார். இன்பராஜ் விடுவானா? ஒரே மூச்சில் எழுதித் தள்ளினான்.

மாலையில் கொண்டுவந்து நீட்டினான். சுகிர்தா சத்தமாகவே வாசித்தார்.

"கருவாடு உலர்த்தும் சூரியப் பெட்டியை இம்மாணவர் தனி ஒருவராக வடிவமைத்து, தனி ஒருவராகச் செய்து முடித்தார்."

பேனா மூடியைத் திறந்தார். அப்பாடா என்றிருந்தது இவனுக்கு.

அவரோ மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

"வடுகநாதனும் அதே யுனிவர்சிட்டிக்குத்தான் போடறான். இது அவன் எழுதிக் குடுத்தது. வாசி."

வாசித்தான்.

'மாணவர் வடுகநாதன் கணக்கில் இரண்டு முறை ஃபெயிலானவர். பெட்டிக்கு வெல்டிங் வைத்தது இவர். ஆனால் பதினோரு நாள் கடற்கரை வெயிலில் நின்று, அரைமணிக்கு ஒருமுறை சூட்டை அளந்து எழுதியவர் இவருடைய நண்பர் இன்பராஜ். அந்த அளவுகள் இல்லையென்றால் அது வெறும் தகரப் பெட்டி.'

தன் பேரையே இரண்டு தடவை படித்தான். காதெல்லாம் சுட்டது. இவனைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு நல்லதாக எழுதியது அதுதான் முதல் தடவை. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"பேனாவைக் குடுங்க மேடம். அந்த ரெண்டு 'தனி ஒருவராக'வையும் அடிச்சுடறேன்."

"அடிக்க வேண்டாம்."

"ஐயோ மேடம், இப்படியே போனா அசிங்கம்."

"அவன் வெளியே பெஞ்சிலதான் உக்காந்திருக்கான். இப்படியே கொண்டுபோய் அவன்கிட்ட வாசிச்சுக் காட்டு. காட்டிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."