‘ம்’ கொட்டிய பெட்டி

கோயம்புத்தூரில், பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே மென்பொருள் பிரிவுக்குத் தலைவி ஜெரினா. அவரிடம் தொழில் கற்க வந்தவர் மயில்சாமி. வேடிக்கை என்னவென்றால் குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூட. பேங்க் வெப்சைட் எழுதிக் காலம் தள்ளியவர், அந்த வேலை போய், தலை நரைத்தபிறகு முதலிலிருந்து தொடங்குகிறார். பாவம், இதுவும் போனால் வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

இந்தப் பெட்டிகளுக்குள் காவலுக்கு ஒரு சில்லு இருக்கும். மென்பொருள் வேலை பார்த்தபடியே அதற்கு ‘ம், ம்’ என்று கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ம்’ நின்றால் சில்லு சும்மா விடாது. ஆள் எங்கோ மாட்டிக்கொண்டான் என்று பெட்டியை அணைத்து மறுபடி கிளப்பிவிடும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி அப்படித்தான் அணைந்து அணைந்து எரிந்தது. நர்ஸுகள் கத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சரி பண்ணித் தரணும் என்று முதலாளி அதை மயில்சாமி தலையில் கட்டினார்.

மனுஷன் மத்தியானமே முடித்துவிட்டார்! பெட்டி அதற்கப்புறம் ஒரு தடவைகூட அணையவில்லை. ஜெரினாவிடம் ஓடினார்.

“என்ன மாத்தினீங்க சார்?”

“மென்பொருள்ல ம் சொல்ற வரி, சூடு பாக்கற வேலைக்குள்ள இருந்துச்சுங்க மேடம். அதை எடுத்து, தனியா ஓடற கடிகாரத்துல வெச்சுட்டேன். அது நிக்கவே நிக்காது.”

“அனுப்ப வேண்டாம்.”

“ஏனுங்க?”

ஜெரினா டீ வாங்கப் போய்விட்டார்.

மயில்சாமிக்குத் தலை சுற்றியது. அணையக் கூடாது என்றார்கள், அணையவில்லை. இதில் என்ன குற்றத்தைக் கண்டார் இந்த அம்மா? கீழே பெட்டியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வந்த வண்டிக்காரன் வேறு ஹாரன் அடிக்கிறான். திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினார்.

“சார், டீ,” என்று ஜெரினா பக்கத்தில் வந்து நின்றார்.

“ம்.”

“உப்புப் போடட்டுங்களா?”

“ம்.”

“நிறையவே?”

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்து கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி குப்பைத் தொட்டிக்கு ஓடித் துப்பினார்.

“என்னங்க மேடம் இது, விளையாட்டா?”

“கேட்டுட்டுத்தானே போட்டேன். ம்-னீங்க.”

“ஐயோ, நான் எங்கீங்க கேட்டேன்? மனசு பூரா இதுல கெடக்குது. வாய் அது பாட்டுக்கு ம்-னுச்சு.”

“வாய் அது பாட்டுக்குச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?”

மயில்சாமி வாயைத் துடைத்தபடி பெட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு ‘ம்’முக்கும் பச்சை விளக்கு சமர்த்தாக மின்னிக்கொண்டிருந்தது.

ஜெரினா சூடு பார்க்கும் ஒயரைப் பிடித்து லேசாக ஆட்டினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த சூட்டு எண் அப்படியே நின்றுவிட்டது. பச்சை விளக்கு மட்டும் நிற்கவில்லை. ஹீட்டரும் நிற்கவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். பிறகு பெட்டிக்குள் மெத்தையில் கையை வைத்த மயில்சாமி சூடு தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

 ஆனாலும் அவருக்குக் குழப்பம் போன பாடில்லை.

“வரியைப் பழைய இடத்துலயே வெச்சா, மறுபடி அணைஞ்சு அணைஞ்சு எரியுமுங்களே. ஒயர் ஆடினா மென்பொருள் ஏன் மாட்டிக்குதுன்னு இனிமேதான் தோண்டணும். எத்தனை நாளாகுமோ. வண்டி வேற கீழே நிக்குது. வெறுங்கையோட அனுப்பினா முதலாளி என்னை வெச்சிருப்பாருங்களா? நான் என்னதான் பண்றது மேடம்?”

ஜெரினா உப்பு டீயை எடுத்துப் பெட்டிப் பக்கத்தில் வைத்தார்.

“வாய்க்கு ஒத்துக்கலைன்னதும் நீங்க எந்திரிச்சு ஓடிட்டீங்க சார். இதுக்குள்ள படுத்திருக்கறது எங்க ஓடும்?”