எல்லாருக்கும் பிடித்த ரசம்

பேராசிரியர் சபாபதி பேனா மூடியால் மேசையைத் தட்டும் சத்தம் முப்பது வருடம் கழித்தும் தவமணியின் காதில் இருக்கிறது. அவர் சந்தையியல் துறைத் தலைவர். அவள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பி வரும் தற்காலிக ஊழியர்.

புது ரசப்பொடியில் தவமணி வீடு வீடாக ரசம் வைத்துக் கொடுக்க, அதை ருசி பார்த்த பெண்களில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பேர் அந்தப் பொடியை வாங்குவார்கள் என்பது அன்றைய கருத்தரங்கில் அவர் வாசிக்கவிருந்த ஆய்வு முடிவு.

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க சார்," என்றாள் தவமணி.

"என் ஆய்வையே தப்புங்கிறியா? இன்னிக்குக் கருத்தரங்கு முடியறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பொடியிலேயே ரசம் வைத்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். "எப்படி இருக்குங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். சபாபதியோடு சேர்த்து இருபது பேராசிரியர்களும், "நல்லாயிருக்கும்மா," என்றார்கள். படிவத்தில் குறித்துக்கொண்டாள்.

பிறகு டம்ளர்களை எடுத்து வந்து மேடையில் வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் முக்கால் டம்ளருக்குக் குறையாமல் ரசம் மிச்சமிருந்தது.

"வச்சுக் கொடுத்தவ எதிர்ல நின்னு கேட்டா, நல்லா இல்லேன்னு யாரு சார் சொல்லுவாங்க? அந்த வீடுகள்லயும் இதேதான் நடந்துச்சு."

"இதுல என் டம்ளர் எது?" என்றார் சபாபதி.

"ஓரத்துல நிறைஞ்சு இருக்கே, அதுதான் சார்."

அரங்கம் சிரித்தது. அந்த ஆய்வு அச்சேறவில்லை. தவமணி அதே துறையில் நிரந்தரமாகி, இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள்.