உருட்டாத பகடை

தணிகாசலம் சார் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மேசையில் கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டம் நடக்கும். விதிகளைத் தன் கைப்பட நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் சகாயமேரிக்கு அந்த ஆட்டத்தில் போர்வீராங்கனை வேஷம். வெறுங்கையில் மந்திர வாளை வரவழைப்பாள். கையை விட்டால் வாள் மறைந்துவிடும். அந்த வாளில் நெருப்பை ஏற்றித் தந்தது இருதயராஜ் ஆடிய மந்திரவாதி. ஏற்றிய கையோடு இருதயராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையிலேயே சாய்ந்தார். அவரைப் புதைத்து இருபது நாளாயிற்று.

இன்றுதான் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"உன் வாள்ல நெருப்பு கிடையாது," என்றார் சார். "வாள் மறைஞ்சா அதுல ஏத்தினதும் போயிடும். இருபது நாளா அதைக் கையை விட்டு இறக்கலையா? நிரூபி பார்ப்போம்."

"உங்க நோட்டுல மூணாம் பக்கம் பாருங்க சார்," என்றாள் சகாயமேரி. "பகடை உருளாத வரைக்கும் ஆட்டத்துல நேரம் நகராதுன்னு எழுதியிருக்கீங்க. இருதயராஜ் அண்ணன் சாய்ஞ்சப்புறம் யாரும் உருட்டலை. வாள் என் கையிலதான் இருக்கு. அண்ணனும் என் பக்கத்துலதான் நிக்கிறாரு."

சார் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"சரி, நெருப்பு இருக்கு. உருட்டும்மா."

சகாயமேரி பகடையை எடுத்தாள். மூடிய கையை அவள் திறக்கவே இல்லை.