பிள்ளைக்கு ஒரு கயிறு

சில நாட்களாக நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக அவனுடைய செல்போனுக்குச் செய்தி வந்திருந்தது. எந்த ஊர், யார் பார்த்தது என்பதெல்லாம் அதில் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போர்வை விற்க வந்த அப்பாவி மனிதரைக்கூட அவன் தெருமுனை வரை பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

மகள் தர்ஷிகாவுக்கு ஆறு வயது. தெருப் பிள்ளைகளோடு வாய்க்கால் மேட்டில் கதை பேசிக்கொண்டு பள்ளிக்கு நடந்து போகிறவள். அதை நிறுத்தினான். பைபாஸ் சாலை வழியாகத் தானே பைக்கில் கொண்டுபோய் விட்டான். அப்படியும் மனம் ஆறவில்லை. ஒரே பெண். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தான்.

மடத்தை நடத்துகிற தவமணியம்மாளுக்கு அவன் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவனுக்கு அவர்தான் குரு. வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனப்பா, மொகம் இப்படி வாடிக் கெடக்குது?"

"பாப்பாவுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டோணுமுங்கம்மா. பள்ளிக்கூடத்தையே நிறுத்திப்போடலாமான்னும் இருக்குது."

செல்போனை நீட்டினான். அம்மாள் செய்தியை முழுவதும் படித்தார். சிரிக்கவில்லை.

"நம்ம பக்கம் அப்படிப் புள்ளை காணாமப் போயிருக்குதா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க. ஆனா போனாப் போனதுதானுங்களே?"

"அது வாஸ்தவந்தான்" என்றார் அம்மாள். பிறகு சிறுமியிடம் திரும்பினார். "கண்ணு, எப்படி வந்தீங்க?"

கேட்க மாட்டார்களா என்றுதான் தர்ஷிகா காத்திருந்தாள்.

"நான் முன்னால டேங்க் மேல உக்காந்து வந்தேன். அப்பா பஸ்ஸு, லாரி எல்லாத்தையும் முந்திட்டாங்க! போன்ல மாமாகூடப் பேசிக்கிட்டே!"

"இந்தச் செய்தியப் பத்தித்தானுங்க பேசிட்டு வந்தேன்" என்றான் நாச்சிமுத்து.

அம்மாள் வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தார். ஹெல்மெட் அதன் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது எதுக்கு அங்க தொங்குது?"

"போலீஸ் நிக்கற எடம் வந்தா மாட்டிக்குவனுங்க."

"பாப்பாவுக்கு?"

"பாப்பாவையெல்லாம் போலீஸ் கேக்கறதில்லீங்க."

 அம்மாள் உள்ளே போய்க் கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்து வந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மகளின் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினான்.

அம்மாள் அந்தச் சின்னக் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு அவனுடைய வலது கையைப் பிடித்தார். ஆக்சிலேட்டரை முறுக்குகிற கை. மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

நாச்சிமுத்து பதறிவிட்டான்.

"அம்மா, எனக்கு எதுக்குங்க? புள்ளைக்கல்லீங்களா கட்டச் சொன்னேன்!"

"புள்ளைக்குத்தானப்பா கட்டியிருக்கேன்" என்றார் அம்மாள்.