வெட்டிவிட்ட ஓரம்

சிறிய கடை வைத்திருப்பவர்களுக்கு, கடையைப் பற்றி ஃபோனில் என்ன படம் போடலாம், எதைப் போடக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற ஜெசிந்தா டீச்சர் பாளையங்கோட்டையில் இருந்தார். ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில் ஞாயிறு காலைகளில் வகுப்பு நடக்கும். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. படிக்க வந்தவர்களில் பலர் அவரை விட மூத்தவர்கள்.

டீச்சர் அதிகம் சொல்லிக் கொடுப்பதில்லை என்று ஒரு குறை உண்டு. ஃபோனைக் கேட்டு வாங்குவார். பொறுமையாகப் பார்ப்பார். சில படங்களை அழிப்பார். திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"நம்ம டீச்சர் கைக்குப் போன ஃபோன் கனம் குறைஞ்சுதான் திரும்பும்" என்பாள் ஷமீலா. அவள் மேலப்பாளையத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள்.

கோமதிநாயகம் அந்த வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் அவருடைய விக் கடை. கல்யாணப் பெண்களுக்குச் சவுரி, நாட்டியமாடும் பிள்ளைகளுக்குக் கொண்டை என்றும் செய்வார். ஆனால் கடை நின்றது, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி கொட்டியவர்களால்தான். அவர்களும் இப்போது வருவதில்லை. எதிரே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஃபோனில் படம் பார்த்து, எங்கோ வடக்கிலிருந்து வரவழைத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்குள் ஆள் வராவிட்டால் கடையை விட்டுவிட வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். கோமதிநாயகத்துக்கு அந்தக் கடை தவிர உட்கார வேறு இடம் தெரியாது.

"நான் ஒருத்தன் இங்க இருக்கதே யாருக்கும் தெரியலை, டீச்சர்" என்றார்.

டீச்சர் கையை நீட்டினார். அவர் ஃபோனைக் கொடுத்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"ரோஜாப்பூ. காலை வணக்கம்."

"இது?"

"தாமரை. அது வெள்ளிக்கிழமைக்கு."

"பூக்கடையா வச்சிருக்கீங்க?"

ஷமீலா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கீழ போங்க டீச்சர். தலை வரும்."

கீழே பொம்மைத் தலைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விக். எல்லாத் தலையிலும் ஒரே மாதிரி வெறித்த கண்கள்.

"அல்லாவே, இதைப் பாத்துட்டு நான் ஒரு வாரம் கண்ணாடி முன்னால நிக்கலை, அண்ணாச்சி."

"நீ செஞ்ச யானைக் கேக்கைப் பாத்து என் பேத்தி வீல்னு அழுதாளே, அதை நான் யார்ட்டயாவது சொன்னேனா?"

"இப்பச் சொல்லிட்டீங்களே!"

டீச்சர் ரோஜாவை அழித்தார். தாமரையை அழித்தார். தலைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைக்காகப் போட்டிருந்தவற்றில் கடைசியாக ஒரு படம் மிஞ்சியது. கடையின் உட்புறம். கண்ணாடி, மேசை, சீப்புகள். இடப் பக்கத்து ஓரத்தில் மெல்லிய கோடாக ஒரு பச்சை.

"இந்த ஓரத்தில என்ன?"

"அது திரை, டீச்சர். பின்னால ஒரு நாற்காலி கிடக்கு. அளவெடுக்கதும், மாட்டிப் பாக்கதும் அங்கதான். துணி வெளுத்துப் போச்சு, பாக்க லெச்சணமா இல்லை. அதான் வெட்டிட்டேன். வெட்டினதுல கொஞ்சம் மிச்சம் நின்னுட்டு."

டீச்சர் அந்தப் படத்தை அழிக்கவில்லை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் போச்சு. இனி என்னத்தைப் போட?"

"கடையில நடக்கிறதைப் போடுங்க."

அடுத்த ஞாயிறு கோமதிநாயகம் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. டீச்சர் நாற்காலியில் அமர்வதற்குள் ஃபோனை நீட்டினார்.

ஒரே பெண்ணின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் படத்தில் தலையில் முடியே இல்லை. புருவமும் இல்லை. முன்பு அளவுக்காக எடுத்த படம் அது. அந்தப் பெண் ஃபோனைப் பார்க்காமல் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது படத்தில் தோள் வரை கூந்தல், காதோரம் இரண்டொரு நரை. அவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கபுஷ்பம்னு பேரு. தபாலாபீஸ் கவுண்டர்ல இருக்காங்க" என்றார் கோமதிநாயகம். "அந்த ரெண்டு நரையை நான்தான் வச்சேன். அந்த வயசுக்கு அது இல்லைன்னா கண்டுபிடிச்சிருவாங்க. வேலைக்குத் திரும்பிப் போயிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஸ்டாம்பு வாங்க வந்த ஒருத்தருக்கும் தெரியாது."

ஃபோன் கை மாறி அறையைச் சுற்றி வந்தது. ஷமீலா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைப் போடுங்க அண்ணாச்சி. ஊரே பாக்கும். உங்க சந்துல வரிசை நிக்கும்."

"இன்னிக்கே போட்டிருதேன். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லிட்டா."

ஃபோன் டீச்சரிடம் வந்தது.

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"கேக்காமப் போடுவனா? கேட்டேன். தாராளமாப் போடுங்க அண்ணாச்சின்னு சொன்னாங்க. சிரிச்சிட்டே சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"அப்பவேதான். கண்ணாடியைப் பாத்துட்டு இருக்கும்போதே."

டீச்சர் ஃபோனை மேசை மேல் வைத்தார். உள்ளங்கையால் இரண்டாவது படத்தை மூடினார். கீழே பார்த்துக்கொண்டிருந்த பெண் மட்டும் தெரிந்தார்.

"இவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"ரெண்டும் ஒரே ஆள்தானே, டீச்சர்."

டீச்சர் கையை எடுக்கவில்லை.

"இவங்க உங்க கடைக்கு எப்ப வருவாங்க?"

கோமதிநாயகம் சற்று நேரம் படத்தைப் பார்த்தார்.

"விக்கை மாசாமாசம் அலசிச் சீவணும். அதுக்கு வருவாங்க. அப்பக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள இருப்பாங்க."

"அப்பக் கேளுங்க."

"அவங்க வாறதுக்குள்ள பொங்கல் வந்துரும்" என்று முனகினார். ஆனாலும் படத்தைப் போடவில்லை.

தங்கபுஷ்பம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். வெயிலைத் திட்டினார். மகள் கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொல்லி அதையும் திட்டினார். தபாலாபீஸில் பசை தீர்ந்துபோன கதையைச் சொன்னார். பிறகு திரையை விலக்கி உள்ளே போனார்.

பேச்சு நின்றுவிட்டது.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. கையில் கூந்தல் இருந்தது. கோமதிநாயகம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இளஞ்சூடான தண்ணீரில் அலசினார். துண்டில் ஒற்றினார். நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்தார். காற்றாடியின் முன்னால் வைத்தார். அதுவரை உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாற்காலி அசையும் சத்தம்கூட.

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு திரை முன்னால் போய் நின்றார்.

"தாயி, அன்னைக்குக் கேட்டேன்லா, அந்தப் படம். ஃபோன்ல போட்டுக்கிடட்டுமான்னு. மறுபடி ஒரு தடவை கேட்டுக்கிடுதேன்."

"எந்தப் படம்?"

குரல் தணிந்திருந்தது. வெயிலைத் திட்டிய குரலாக இல்லை.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல."

"முதல் படமுமா?"

"அது இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

காற்றாடி ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பியது. திரை கொஞ்சம் உப்பி அடங்கியது.

"போட்டுக்கோங்க அண்ணாச்சி. எனக்கு நீங்க எவ்வளவு செஞ்சிருக்கீங்க. நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?"

அவர் நின்றுகொண்டிருந்தார்.

"கவுண்டருக்கு வாறவங்களும் பாப்பாங்க, இல்லையா?" என்றது குரல். பிறகு, "பரவாயில்லை. போடுங்க."

கோமதிநாயகம் மேசைக்குத் திரும்பினார். கூந்தலைச் சீவி முடித்தார். காதோரத்து நரை வெளியே தெரியும்படி இழுத்துவிட்டார். திரை ஓரத்தில் நீட்டினார். கை வெளியே வந்து, காற்றில் கொஞ்சம் துழாவி, வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

திரை விலகியபோது இரண்டாவது படத்துப் பெண் வெளியே வந்தார். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கருவேப்பிலை வாங்கிட்டுப் போகணும். நல்லவேளை, ஞாபகம் வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள் வகுப்பில் கோமதிநாயகம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"போடச் சொல்லிட்டாங்க."

"அப்புறமும் ஏன் அண்ணாச்சி மூஞ்சி ஊதாத பலூன் மாதிரி இருக்கு? காட்டுங்க, நான் நல்லதா ஒரு பாட்டுச் சேத்துத் தாறேன்" என்று ஷமீலா ஃபோனை வாங்கினாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "எங்க அந்தப் படம்?"

"அழிச்சிட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையுந்தான்."

"டீச்சர் வேலையை நீங்களே பாத்துட்டீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஷமீலா ஃபோனை டீச்சரின் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

கோமதிநாயகம் எழுந்து நின்றார். அவர் குரல் அன்றைக்குக் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"மூடணும்னா மூடிருதேன், டீச்சர். அதைப் பத்தி இல்லை. ஆனா ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. இந்தப் பிள்ளை கேக்கு செஞ்சா கேக்கைக் காட்டலாம். தச்சவன் சட்டையைக் காட்டலாம். நான் நல்லாச் செஞ்சேன்னா, செஞ்சதே தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் செஞ்சது சரியில்லைன்னு அர்த்தம். தெரியக் கூடாததை எப்படி டீச்சர் ஊருக்குக் காட்ட?"

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி நின்றது.

"நீங்க கேட்டப்போ அவங்க எங்க இருந்தாங்க?" என்றார் டீச்சர்.

"திரைக்கு அந்தப் பக்கம்."

"நீங்க?"

"இந்தப் பக்கம்."

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"என்ன தெரியும்? திரைதான்."

டீச்சர் மேசையிலிருந்த ஃபோனை எடுத்தார். அன்றைக்கு அழிக்காமல் விட்ட படத்தைத் தேடினார். கண்ணாடி, மேசை, சீப்புகள். இடப் பக்கத்து ஓரத்தில் அந்தப் பச்சைக் கோடு. அதன் மேல் விரலை வைத்து ஃபோனைக் கோமதிநாயகத்திடம் நீட்டினார்.

"இதை முழுசா எடுத்துப் போடுங்க."

கோமதிநாயகம் வாங்கிப் பார்த்தார். ஷமீலாவைப் பார்த்தார். மறுபடி டீச்சரைப் பார்த்தார்.

"வெறும் துணி, டீச்சர். அதுவும் வெளுத்த துணி. அதுக்குப் பின்னால யார் இருக்கான்னு பாக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே."

"ஆமா அண்ணாச்சி" என்றார் டீச்சர். "ஒண்ணுமே தெரியாது."